ஏழாம் அத்தியாயம்: ஆற்றைத் தேடிப் போன நால்வர்

சென்ற அத்தியாயங்களில், பிறர் எழுதி அச்சிட்ட சித்திரக்கதைகளைக் குழந்தைகளுக்குத் தேர்ந்து கொடுக்கும் முறையையும், அவர்களுடன் அமர்ந்து வாசிக்கும் முறையையும் ஆராய்ந்தோம். இனி, ஆசிரியரும் மாணவரும் ஒருங்கிருந்து, நகைச்சுவையும் சாகசமும் கலந்த விலங்குச் சித்திரக்கதை ஒன்றைத் தாங்களே இயற்றி, மடித்து, தைத்து, வாசகர் கையில் சேர்ப்பது வரையுள்ள படிகளைக் கிரமமாகக் காண்போம். உதாரணத்துக்குரிய இடமாக, கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையின் அருகாக ஏறி, வெள்ளிமலையை அடையும் மலைப்பாதையையும், அதன் இருமருங்கிலும் விரிந்து கிடக்கும் கல்வராயன் மலைக் காடுகளையும் எடுத்துக்கொள்கிறேன். அம்மலையில் வாழும் குழந்தைகள், கரடியையும் காட்டுப்பன்றியையும் பாடப்புத்தகத்தின் படங்களாக அல்லாமல், சாமைக் கொல்லைக்கு வந்துபோகும் அண்டைவீட்டாராக அறிந்தவர்கள். ஆனால் அவர்கள் கையில் கிடைக்கும் கதைகளிலோ பெரும்பாலும் சிங்கமே அரசனாக வீற்றிருக்கிறது. சிங்கம் அந்த மலையில் இல்லை. தான் அறிந்த காட்டைத் தான் வாசிக்கும் நூலில் ஒருமுறையேனும் காணாத குழந்தை, வாசிப்பு என்பது வேறெங்கோ வாழும் பிறருக்குரியது என்று எண்ணிவிடுமாயின், அதற்கு நாமே பொறுப்பாளிகள்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஆதாரமான விதி ஒன்றே: நகைப்பு, விலங்கின் சுபாவத்திலிருந்து பிறக்கவேண்டும், வெளியிலிருந்து கொணர்ந்து அதன் முதுகில் ஏற்றப்படலாகாது. கீழ்க்காணும் ஒவ்வொரு படியும் இவ்விதியிலிருந்தே கிளைப்பதைக் காண்பீர்கள்.

1. நகை பிறக்கும் இடங்கள்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகைக்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. பிறரை எள்ளுவதனால் தோன்றுவது ஒன்று. இளமையின் விளையாட்டுத் தன்மையால் தோன்றுவது ஒன்று. அறிவின்மையாகிய பேதைமையால் தோன்றுவது ஒன்று. பிறர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, ஏற்றதை எக்காரணத்தாலும் கைவிடாதிருக்கும் மடமையால் தோன்றுவது மற்றொன்று. சித்திரக்கதை என்ற பெயரே இல்லாத காலத்தில் வகுக்கப்பட்ட இப்பாகுபாடு, இன்றைய சித்திரக்கதைக்கு எத்துணைப் பொருத்தமாக அமைகிறதென்பதை, தமிழ்க் குழந்தைகள் விரும்பி வாசித்த பாத்திரங்களைக் கொண்டே விளக்கலாம்.

1980-களில் வாண்டுமாமாவின் ஆசிரியப் பொறுப்பில் வெளிவந்த ‘பூந்தளிர்’ இதழில், சுப்பாண்டி, காக்கை காளி, கபீஷ் ஆகியோரின் கதைகள் தமிழில் வந்தன. எஜமானன் சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் பற்றிக்கொண்டு, அதனாலேயே காரியத்தைக் கெடுக்கும் சுப்பாண்டி, மடமையால் பிறக்கும் நகைக்கு உருவம். 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் பிறந்த சிவகாசியிலிருந்து நமக்குத் தமிழில் வந்த லக்கி லூக் கதைகளில், திருடனை நண்பனென்று கருதி வாலாட்டும் ரின்டின் கேன் என்னும் நாய், பேதைமைக்கு உருவம். காக்கை காளியின் கதைகளிலோ, முயல்களைத் தின்னத் திட்டமிடும் நரியும் முதலையும் தம் பேராசையாலேயே வழுக்கி விழுகின்றன. காகம் செய்வதெல்லாம், அவர்கள் வெட்டிய குழியை அவர்களுக்கே காட்டிவிடுவதுதான்.

இந்நான்கனுள் இளமை, பேதைமை, மடமை ஆகிய மூன்றையும் தாராளமாகக் கையாளுங்கள். எள்ளலை மட்டும் உப்பைப்போல் அளந்து இடுங்கள். பருத்த உடலையோ, கறுத்த நிறத்தையோ, திக்கும் நாவையோ எள்ளி எழுதப்பட்ட ஒரு கட்டம், அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் ஏதோ ஒரு குழந்தையின்மேல் போய் விழும். அக்குழந்தை பிறகு அந்நூலைத் திறக்காது.

2. பாத்திரங்களைத் தேர்தல்

பஞ்சதந்திரத்து விலங்குகள் பெரும்பாலும் அமைச்சரையும் தூதரையும் போலப் பேசுவன. கார்ல் பார்க்ஸ் என்னும் அமெரிக்கச் சித்திரக்காரர் 1947-இல் படைத்த அங்கிள் ஸ்க்ரூஜ் என்னும் வாத்து, மேலங்கி அணிந்து, மூக்குக்கண்ணாடி வைத்து, பொற்காசுகளை எண்ணுவது. இவை உடை அணிந்த விலங்குகள்; தோலுக்குள் இருப்பவன் மனிதனே. மற்றொரு வகை, பேச்சு ஒன்றை மட்டும் நம்மிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டு, உண்பது, உறங்குவது, அஞ்சுவது ஆகிய மற்றெல்லாவற்றிலும் விலங்காகவே இருப்பது. இரண்டுமே சிறந்த வகைகள்தாம். எனினும், காட்டை அருகிருந்து காணும் குழந்தைகளோடு பணிபுரிவோர், இரண்டாவதையே கைக்கொள்ளவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், அக்குழந்தைகளின் அறிவு அங்கேதான் முதலாகப் பயன்படும்.

எத்தனை பாத்திரங்கள்? நான்கு போதும். எவை? இதற்கு விடை தேடி நான் அதிக தூரம் செல்லவில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில், தென்பெண்ணையாற்றின் நடுவே, கபிலர் குன்று என்று மக்கள் வழங்கும் பாறை ஒன்று உண்டு. வள்ளல் பாரியின் மறைவுக்குப்பின் சங்கப் புலவர் கபிலர் உயிர் நீத்த இடம் அது என்பது மரபு. குறிஞ்சி பாடுவதில் நிகரற்ற அப்புலவர், ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியாகிய நூறு பாடல்களைப் பாடியபோது, அவற்றுள் கேழற் பத்து, குரக்குப் பத்து, கிள்ளைப் பத்து, மஞ்ஞைப் பத்து என நான்கு பத்துக்களைப் பன்றிக்கும், குரங்குக்கும், கிளிக்கும், மயிலுக்கும் ஒதுக்கிவைத்தார். நான்கும் இன்றும் கல்வராயன் மலையில் வாழ்வன. நான்கும் நான்கு விதமான சுபாவம் உடையன. மலை விலங்கை உள்ளபடியே கண்டு பாடிய ஒருவர் தேர்ந்தளித்த இந்நால்வரைவிடச் சிறந்த கூட்டத்தை நாம் எங்கிருந்து கொண்டுவரப்போகிறோம்?

3. சுபாவத்தைக் கேட்டறிதல்

பென்சிலைக் கையில் எடுக்கும் முன்பு, ஒரு முழு வகுப்பு நேரத்தைக் கேட்பதற்கென்றே ஒதுக்குங்கள். கரும்பலகையில் நான்கு பெயர்களை எழுதி, ஒவ்வொன்றும் என்ன தின்னும், எதற்கு அஞ்சும், கோபம் வந்தால் என்ன செய்யும், நடக்கும்போது எந்த உறுப்பு முதலில் தெரியும் என்று குழந்தைகளைக் கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், மலைப்பள்ளி ஒன்றில், முள்ளம்பன்றி தன் முட்களை அம்பைப்போல் எய்து பகைவரை விரட்டுவதாக நான் ஒரு கதைப்பக்கம் வரைந்து காட்டினேன். குழந்தைகள் சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, “ஐயா, முள்ளம்பன்றி முள்ளை எறியாதுங்க, திரும்பி நின்னுக்கிட்டு, பின்னாலேயே ஓடிவந்து குத்துங்க” என்றாள். அவள் சொன்னதே உண்மை; நான் வரைந்தது நூல்வழி பரவிய கட்டுக்கதை. அவள் சொன்னபடி, பின்புறமாகவே ஓடிவந்து, போகும் திசை தெரியாமல் மரத்தில் முட்டிக்கொள்ளும் முள்ளம்பன்றியை உடனே வரைந்து காட்டியபோது, வகுப்பு முழுவதும் கலகலத்துவிட்டது. உண்மையானது பொய்யைவிட அதிக நகைப்பை விளைவிக்கும் என்னும் பாடத்தை, அன்று அச்சிறுமியிடம் நான் கற்றேன்.

இத்தகைய செல்வங்கள் காட்டில் ஏராளம். கரடிக்கு மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டு இல்லை. அந்த இடைவெளியின் வழியாகத்தான் அது கறையானை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் ஓசை நெடுந்தூரம் கேட்கும். தாய்க்கரடி தன் குட்டிகளை முதுகில் சுமந்து திரியும். நம் நாட்டுக்குரங்கு, கன்னத்துப் பைகளில் தீனியை அடக்கிக்கொண்டு, பாதுகாப்பான இடம் சென்ற பிறகே மெல்லும். காட்டுப்பன்றிக் குட்டியின் உடலில் நெடுக வரிகள் ஓடும். நிலத்தைக் கண்டால் அதன் மூக்கு சும்மா இராது. மயில், மழைக்காலம் கழிந்ததும் தன் தோகையை உதிர்த்துவிடும். இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு நகைச்சுவைக் காட்சியின் விதை.

4. பிரயாணத்தை அமைத்தல்

சாகசக் கதைக்குப் பிரயாணமே முதுகெலும்பு. குழந்தைகள் தாங்களே நடந்தறிந்த வழியில் அப்பிரயாணம் நிகழட்டும். அதற்கொரு காரணம் இருக்கட்டும். அக்காரணம், பெரியவர் கேட்டால் புன்னகைக்கத்தக்கதாயினும், புறப்படுவோருக்கு உயிர்ப்பிரச்சினையாக இருக்கட்டும். மாதிரியாக ஒன்று தருகிறேன்.

மலையில் பிறந்த கோமுகி ஆறு கீழே போனால் திரும்பி வராது என்று வழிப்போக்கன் ஒருவன் சொன்னதைக் கிளி கேட்டுவந்து ஊரெங்கும் ஒலிபரப்புகிறது. எல்லாம் அறிந்தவனாகத் தன்னை எண்ணிக்கொண்டிருக்கும் குரங்கு, ‘வழி தவறிய’ அந்த ஆற்றை மீட்டு வருவதென்று தீர்மானிக்கிறது. வரிக்குட்டியான பன்றியும், தோகை கசங்கக்கூடாதென்ற கவலையுடன் மயிலும், சேதி கொணர்ந்த கிளியும் உடன் புறப்படுகின்றன. பெரியார் அருவியின் அருகே இறங்கி, மலையடிவாரத்தை அடைந்தால், அங்கே அணைக்கட்டுக்குள் ஆறு அசையாமல் நிற்கிறது. நம்மை எதிர்பார்த்துத்தான் நிற்கிறது என்று நால்வரும் முடிவு செய்கிறார்கள். 46 அடி நீரைக் குரங்கு தன் வாலால் அளக்க முயல்கிறது. ‘பூந்தளிர்’ இதழில் வந்த கபீஷ் என்னும் குரங்கின் வால் வேண்டியபோதெல்லாம் நீளும் வரம் பெற்றது. நம் குரங்கின் வாலோ, எல்லா நாட்டுக்குரங்குகளின் வாலையும் போல, இருக்கும் அளவே இருப்பது. நகையும் அங்கேயே இருக்கிறது. பிறகு அது கன்னப்பைகள் நிறைய நீரை மொண்டுகொண்டு மலையேறத் தொடங்குகிறது, “ஆறு பத்திரமா இருக்கா?” என்று பன்றிக்குட்டி கேட்க, “இருக்கு” என்று விடைகூற வாயைத் திறந்த மாத்திரத்தில் ஆறு முழுவதும் கொட்டிவிடுகிறது. பன்றிக்குட்டி மூக்கினால் மலையை நோக்கி ஒரு கால்வாய் தோண்டுகிறது. நீர் ஏற மறுக்கிறது. கிளி கட்டளையிடுகிறது, நீர் செவிசாய்க்கவில்லை.

தோற்றுத் திரும்பும் வேளையில் வானம் இருள்கிறது. மேகம் கண்ட மயில், துக்கத்தையும் மறந்து ஆடுகிறது. நனைந்து நடுங்கியபடி நால்வரும் மேகம் அருவியின் அடியில் வந்து நிற்கும்போது, அங்கே ஆறு அவர்களுக்கு முன்னரே வீடு வந்து சேர்ந்து, பேரிரைச்சலுடன் கொட்டிக்கொண்டிருக்கிறது. நீர் ஆவியாகி மேகமாகி மழையாகும் விதியைப்பற்றி ஒரு சொல்லும் கதையில் வரவேண்டாம். அருவியின் பெயரே அதைச் சொல்லிவிடும். கதையின் முடிவில் ‘இதனால் அறியப்படுவது யாதெனில்’ என்று நீதியைக் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தை, வேறெந்த வகை நூலில் வைத்துக்கொண்டாலும், நகைச்சுவைச் சித்திரக்கதையில் அறவே விட்டுவிடுங்கள்.

5. தாளும் மடிப்பும்

பதினாறு பக்கமே இளம் வாசகருக்கு ஏற்ற அளவு. ஏ4 தாள்கள் நான்கை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்தால் பதினாறு பக்கங்கள் கிடைக்கும். மடித்த வெற்று நூலில் முதலிலேயே பக்க எண்களை எழுதிவிட்டுப் பிரித்துப் பாருங்கள். ஒரே தாளின் ஒரே புறத்தில் அருகருகே விழும் இரண்டு எண்களைக் கூட்டினால், எப்போதும் 17 வரும். முதல் தாளின் வெளிப்புறத்தில் 16-ஆம் பக்கமும் 1-ஆம் பக்கமும், அதன் உட்புறத்தில் 2-ஆம் பக்கமும் 15-ஆம் பக்கமும் அமையும். இக்கணக்கு தவறினால், ஜெராக்ஸ் எடுத்த பிரதிகள் யாவும் குழம்பிப்போகும்.

நடுத்தாளில் 8, 9 ஆகிய பக்கங்கள் முறிவின்றி ஒரே பரப்பாகக் கிடைக்கும். ஆதலால் கதையின் மிகப்பெரிய காட்சியை அங்கே வைக்கவேண்டும். நம் கதையில் அது அணை. ஒற்றைப்படைப் பக்கங்கள் வலப்புறம் வருவதால், அவற்றின் கடைசிக் கட்டத்தில் ஆவலைத் தூண்டி, பக்கத்தைத் திருப்பியதும் வியப்பை வெளிப்படுத்தவேண்டும். 7-ஆம் பக்கத்தின் அடியில், புதரை விலக்கி நால்வரும் கண்களை அகல விரிக்கிறார்கள். எதைக் கண்டார்கள் என்பது தெரியவில்லை. பக்கம் திரும்பியதும், இரண்டு பக்கம் நிறைய நீர்.

வரைவது பென்சிலால்; முடிப்பது கறுப்பு மையால். பென்சில் நிழல்கள் பிரதியில் மங்கிவிடும். நான்கு ஓரங்களிலும் ஒரு சென்டிமீட்டர் இடம் விடாவிட்டால், குரங்கின் வாலை இயந்திரமே வெட்டிவிடும்.

6. கட்டமும் குமிழும் ஒலியும்

பக்கத்துக்கு நான்கு முதல் ஆறு கட்டங்கள் போதுமானவை. இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் கண் செல்வதால், முதலில் பேசுபவரைக் கட்டத்தின் இடப்புறத்தில் நிறுத்தவேண்டும். அவருடைய குமிழ், விடை சொல்பவரின் குமிழைவிட உயரத்தில் இருக்கவேண்டும். தொடக்கநிலையினர் அனைவரும் செய்யும் தவறு, குமிழை வரைந்துவிட்டு எழுத்தை அதற்குள் திணிப்பது. தமிழ்ச்சொல் ஒட்டு ஒட்டாக நீள்வது; ‘சென்றுகொண்டிருக்கிறார்களாம்’ என்பது ஒரே சொல்லாயினும் ஒரு வரியை விழுங்கிவிடும். ஆகவே எழுத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றிக் குமிழை வரையுங்கள். குமிழுக்குப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் வேண்டாம். படமே சொல்லிவிட்டதைச் சொல் மீண்டும் சொல்லவேண்டாம்.

கதையை விவரிக்கும் பட்டையில் எழுத்துத் தமிழ் இருக்கலாம். குமிழுக்குள் குழந்தைகளின் வீட்டுப் பேச்சே இருக்கவேண்டும். அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தமிழ், சமவெளித் தமிழினின்றும் தனக்கென உரிய சாயல்களைக் கொண்டது. பன்றிக்குட்டி எப்படிக் கூப்பிடும், குரங்கு எப்படி அதட்டும் என்பதை அக்குழந்தைகளே எழுதிக்கொடுக்கட்டும். நீங்கள் எழுத்துப்பிழையை மட்டும் திருத்துங்கள், பேச்சைத் திருத்தாதீர்கள்.

ஒலிக்குறிப்புக்கு அந்நிய நூல்களைப் பின்பற்றவேண்டிய அவசியமில்லை. சலசல, மடமட, தடதட, கிடுகிடு என்று இரட்டைக்கிளவியைப் பண்டே இலக்கணமாக வகுத்த மொழி நம்முடையது. ‘தொபுக்கடீர்’ என்ற சொல்லைப் பெரிதாக எழுதிவிட்டால், விழுந்தவன் யாரென்று பார்க்கக் குழந்தை தானே குனியும்.

7. விலக்க வேண்டியவை

மலைமக்களையோ அவர்தம் உடையையோ வழிபாட்டையோ நகைப்புக்குரிய பொருளாக ஆக்கலாகாது. வேட்டையை விளையாட்டாகக் காட்டலாகாது. கிளிப்பாத்திரத்தைக் குழந்தைகள் நேசிக்கத் தொடங்கியதும், ஒரு கிளியைப் பிடித்து வளர்க்கவேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றம் என்பதை, அச்சமயத்தில் ஆசிரியர் அன்போடு எடுத்துரைக்கவேண்டும். கரடியை எவ்வளவு வேடிக்கையாக வரைந்தாலும், அதன் அருகே செல்லலாம் என்ற எண்ணம் தோன்ற வரையலாகாது; காட்டோரத்துக் குழந்தைக்கு அது ஆபத்தான பொய்.

8. வாசிப்பும் திருத்தமும்

நூல் முடிந்ததும், அதைப் படைப்பதில் பங்குகொள்ளாத வேறொரு வகுப்பில் அதை வாசிக்கக் கொடுங்கள். தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் தன் சிறுநூல்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று வாசகரின் திறத்துக்கேற்ப நான்கு படிகளாகப் பிரித்தது. நம் நூலையும் முதலில் ‘நுழை’ நிலையில் உள்ளவரிடமே கொடுக்கவேண்டும். எழுத்துக்கூட்டி வாசிப்பவருக்கும் படங்களைக் கொண்டே கதை விளங்கிவிட்டால், சித்திரம் தன் கடமையைச் செய்துவிட்டது என்று பொருள். நீங்கள் சுவரோரம் மௌனமாக நின்று, எந்தக் கட்டத்தில் சிரிப்பு எழுந்தது, எந்தக் கட்டத்தில் புருவம் சுருங்கியது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

16-ஆம் பக்கத்தை, நான்கு வெற்றுக் கட்டங்கள் வரைந்து காலியாக விட்டுவிடுங்கள். பிரதியை வீட்டுக்கு எடுத்துச்செல்லும் குழந்தை, பாட்டிக்கும் தாத்தாவுக்கும் கதையைக் காட்டி, ‘பன்றி இப்படியா தோண்டும்?’, ‘அருவிக்கு அந்தப் பக்கமாகவா வழி?’ என்று அவர்கள் சொல்லும் பிழைகளை அந்தக் கட்டங்களில் வரைந்து கொண்டுவரட்டும். வந்த பிரதிகளை ஒருசேரப் பரப்பிவைத்துப் பார்த்து, அவற்றின்படி திருத்தி இரண்டாம் பதிப்பைத் தயாரியுங்கள். எழுதப் படிக்க அறியாத மூதாட்டி ஒருத்தி திருத்திக்கொடுத்த பன்றியின் மூக்கு அதில் இடம்பெறுமாயின், திருத்தியவரின் பெயரை, எழுதியவர் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், அட்டையில் எழுத மறவாதீர்கள்.